480 வாய்கள்

1970இல் இலங்கையின் மலைநாட்டில், இரண்டு தேயிலைத் தோட்டங்களில், 480 ஆண் தொழிலாளர்களை வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒவ்வொரு பல்லாகக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த 15 ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்து அதே வாய்களை அளந்தார்கள். அளந்தவர்கள் நார்வே, அமெரிக்கப் பல் மருத்துவர்கள். அளக்கப்பட்டவர்கள் தமிழர்கள். பிரிட்டிஷ்காரர்கள் காப்பிக்கும் தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்.

உலகத்தில் எந்த ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் ஈறு நோய்ப் பாடத்தில் இந்த 480 பேரும் வருவார்கள். பெயர் இருக்காது. ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்’ என்று இருக்கும். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உடம்பை என்ன செய்கின்றன என்று இன்று நாம் பேசும் பேச்சில் கணிசமான பகுதி இவர்களுடைய ஈறுகளின் மேல்தான் நிற்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த மருத்துவர்கள் மலையேறிய காரணத்தைப் பார்த்துவிடலாம்.

*

ஹரால்ட் லோ என்பவர் நார்வேக்காரர். 1960களில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது ஒரு எளிய சோதனை செய்தார். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பிடித்து, பல் துலக்காதீர்கள் என்றார். பெரும்பாலும் அவருடைய மாணவர்களேதான். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. துலக்குவதை நிறுத்திய நாளிலிருந்து பல்லில் படியும் படலத்தில் நுண்ணுயிர்கள் பெருகின, வகைகளும் மாறின. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. 1965இல் இது அச்சானது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் சத்துக் குறைவா, வயசா, உடம்புச் சூடா என்று அதுவரை நடந்த வாதம் ஏறக்குறைய முடிந்தது. காரணம் படலம், படலத்தில் இருக்கும் கிருமி.

ஆனால் ஈறு வீங்குவது வேறு, பல் விழுவது வேறு. வீக்கம் மூன்று வாரத்தில் வந்துவிடும். ஈறுக்கு அடியில் இருக்கும் எலும்பு கரைந்து பல் ஆட்டம் காணப் பல ஆண்டுகள் ஆகும். யாருக்கு எவ்வளவு வேகத்தில் கரைகிறது? இதைத் தெரிந்துகொள்ள, மருத்துவம் குறுக்கிடாத மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்.

லோவும் கூட்டாளிகளும் இரண்டு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று, ஆஸ்லோ நகரத்தின் 565 ஆண்கள். மாணவர்கள், படிப்பாளிகள். சின்ன வயதிலிருந்தே பல் மருத்துவம் முறையாகக் கிடைத்தவர்கள். இன்னொன்று, நம்முடைய 480 பேர். பல் நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ எந்த ஏற்பாடும் எட்டியிராதவர்கள் என்று இவர்களைப் பற்றி எழுதினார்கள். பிரஷ் பழக்கம் கிடையாது. பல்லெல்லாம் காரை. ஏறக்குறைய எல்லா ஈறுகளிலும் அழற்சி. ஒரு விசித்திரம், சொத்தைப் பல் மட்டும் அநேகமாக யாருக்கும் இல்லை. ஆராய்ச்சிக்கு இது பெரிய வசதி. பல் போனால் சொத்தையால் போயிருக்காது, ஈறு நோயால்தான் போயிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1970இல் பிரஷ்ஷும் பல் டாக்டரும் எட்டாத மனிதர்கள் தீவில் ஏன் இருந்தார்கள்? அவர்கள் காட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தவர்கள் அல்ல. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் முதுகெலும்பே அவர்கள் பறித்த கொழுந்துதான். அப்படியிருந்தும் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பான்மையை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். வாக்கு இல்லாதவனின் லயத்துக்குப் பல் மருத்துவர் எதற்கு வரப்போகிறார்? ஆராய்ச்சிக் கட்டுரையின் மொழியில் இதற்கு ‘இயற்கையான போக்கு’ என்று பெயர். அந்த இயற்கையைச் சட்டம் போட்டுத்தான் உண்டாக்கினார்கள்.

*

1978இல் முதல் ஒப்பீடு வந்தது. பல்லை ஈறும் எலும்பும் பிடித்திருக்கும் பிடி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 40 வயதை நெருங்கும் ஆஸ்லோக்காரருக்குச் சராசரியாக 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே வயதுத் தோட்டத் தொழிலாளிக்கு 4.5 மில்லிமீட்டர்.

1986இல் வந்த கட்டுரைதான் பாடப்புத்தகத்தில் ஏறியது. அத்தனை பேருமே துலக்காதவர்கள், அத்தனை பேர் ஈறிலும் அழற்சி, சாப்பாடும் வேலையும் ஒரே மாதிரி. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் படுவேகமாக ஓடியது. 35 வயதில் சராசரி 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13 மில்லிமீட்டர். அந்த வயதில் அவர்கள் வாயில் பல்லே மிச்சமில்லை. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் நகரவே இல்லை.

அதுவரை மருத்துவர்கள் அழுக்கு வாய் என்றால் பல் விழும் என்று நேர்க்கோடாக நினைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வாய் அந்தக் கோட்டை உடைத்தது. கிருமி இல்லாமல் நோய் வராது. ஆனால் கிருமி மட்டும் போதாது. அதே கிருமிக்கு ஒரு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதில்தான் சேதத்தின் அளவு இருக்கிறது. பல் மருத்துவம் உடம்பு முழுவதையும் திரும்பிப் பார்க்க இதுவும் ஒரு காரணம். இதே லோ 1993இல் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு என்று நீளும் பட்டியலில் ஈறும் சேர்ந்தது.

*

வாய்க்கும் உடம்புக்கும் முடிச்சுப் போடும் வேலை லோவுக்கு முன்பே தொடங்கி, ஒரு முறை படுகுழியில் விழுந்து எழுந்த கதை. அதைச் சொல்லாமல் போனால், “பல்லைத் துலக்கு, ஹார்ட் அட்டாக் வராது” என்று வாட்ஸப்பில் வருகிறதே, அந்த மாதிரி ஆகிவிடும்.

1683இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹுக், தான் செய்த சின்னக் கண்ணாடி வில்லையில் தன் பல்லிடுக்குப் பசையை வைத்துப் பார்த்தார். துணியில் நூல் எண்ணிப் பழகிய கை. (திருப்பூர்க்காரர்களுக்கு இந்த மனிதர் மேல் தனிப் பாசம் வரணும். நாமும் லென்ஸ் வைத்துத் துணி பார்க்கிறவர்கள்தான்.) தினமும் உப்பு வைத்துப் பல் தேய்த்தவர் அவர். அப்படியும் பசைக்குள் குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தின. வாழ்நாளில் வாயே சுத்தம் செய்யாத ஒரு கிழவரின் பசையையும் வாங்கிப் பார்த்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகம். இதையெல்லாம் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். ஒரு மனிதனின் பல்லில் இருக்கும் உயிர்கள் ஒரு நாட்டின் மக்களைவிட அதிகம் என்று வியந்தார்.

அந்த உயிர்கள் நோயோடு சம்பந்தப்பட்டவை என்று சொல்ல 200 ஆண்டுகள் ஆயின. பெர்லினில் ராபர்ட் கோக்கின் வழியில் வேலை செய்த அமெரிக்கர் வில்லோபி மில்லர், 1890இல் மனித வாயின் நுண்ணுயிர்கள் பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே, உடம்பின் பல நோய்களுக்கு வாய்தான் ஊற்று என்று வாதிட்டார். 1900இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் அதை இன்னும் உரக்கச் சொன்னார். 1910இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு அது அலையாகவே ஆகிவிட்டது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. ரத்தசோகையா, பல்லைப் பிடுங்கு. அமெரிக்காவின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற தலைமை மருத்துவர், மனநோய்க்குக் காரணம் பல்லில் ஒளிந்த கிருமி என்று நம்பி, நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். குணமாகாதபோது டான்சில், குடல் என்று வெட்டிக்கொண்டே போனார். பலர் செத்தார்கள்.

1930களின் இறுதியில் இந்த நம்பிக்கை சரிந்தது. பிடுங்கியும் மூட்டுவலி போகவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த 50 ஆண்டு, பல் தனி, உடம்பு தனி. பல் டாக்டர் வேறு, டாக்டர் வேறு. 1989இல் பின்லாந்தில் மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்டு, வந்தவர்களின் வாய் மோசமாக இருந்தது என்று ஒரு ஆய்வு வந்த பிறகே கதவு மறுபடி திறந்தது.

இன்று உறுதியாகச் சொல்ல முடிந்தவை இவை. வாயில் சுமார் 700 வகை நுண்ணுயிர்கள் காணப்படுகின்றன, எல்லாமே எதிரிகள் அல்ல. கீரையில் இருக்கும் நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் கிருமிகள்தான் முதலில் மாற்றித் தருகின்றன. அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. கடும் மருந்துத் திரவத்தால் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் இந்த வேலையும் கெடும். ஈறு நோய் முற்றியவருக்குப் பல்லைச் சுற்றிய பையின் உட்புறம் புண்ணாக இருக்கும். எல்லாப் பல்லையும் கூட்டினால் அந்தப் பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவுக்குப் புண். கையில் அப்படி ஒன்று பத்து வருஷம் ஆறாமல் இருந்தால் சும்மா இருப்போமா? முறுக்கு மென்றால்கூட அதன் வழியே கிருமி ரத்தத்தில் ஏறும். இதய வால்வு ஏற்கெனவே கெட்டவர்களுக்கு அது வால்விலேயே போய் உட்கார்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். இது நூறாண்டாகத் தெரிந்த, சந்தேகமில்லாத தொடர்பு.

சர்க்கரையோடு உள்ள தொடர்பு இருவழிப் பாதை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வரவிடாது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை கொடுத்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். சில மாத்திரைகள் இதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடுவதில்லை.

மாரடைப்போடு தொடர்பு இருக்கிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை என்று 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு ஈறு சிகிச்சை கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்றில் குறைப் பிரசவம் குறையவில்லை. மறதி நோய்க்கு ஈறுக் கிருமியைக் குறிவைத்த மருந்து 2021இல் தோற்றது. ட்ரென்டன் நினைவிருந்தால் இந்த நிதானம் பிடிபடும்.

*

இனி திருப்பூர். 1964 ஒப்பந்தப்படி இங்கே வந்து இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் வேலை கொடுத்தார்கள். கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் காட்டைத் திருத்திப் போட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டக் கூலி கட்டுப்படியாகாமல் மலையிறங்கினார்கள். பாதிப் பேருக்கு கோயம்புத்தூர், பாதிப் பேருக்குத் திருப்பூர்.

எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஒரு அக்கா. பந்தலூர்ப் பக்கம். அப்பா இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்த 480 பேர் கதையை ஒரு டீ நேரத்தில் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பாவுக்கு நாப்பது வயசுல கீழ்வாய்ல பல்லே இல்ல தம்பி. வயசானா விழும்னு நெனச்சிருந்தோம். நாப்பதெல்லாம் ஒரு வயசா?”

“இப்ப உங்களுக்கு எப்படிக்கா?”

“ஈறுல ரத்தம் வரும். சுகர் வேற இருக்கு. பல்லு ஆஸ்பத்திரிக்குப் போனா அரை நாள் போச்சு. ஒன்றரை ஷிப்ட் ஓடறப்ப அரை நாள் விட்டா சனிக்கிழமை கணக்குல தெரியும். ஆட ஆரம்பிச்சா ஒரே தடவையா போயிப் புடுங்கிக்கலாம்னு இருக்கேன்.”

புடுங்கிக்கலாம். நான் கேட்ட வரைக்கும் இங்கே பல் வைத்தியம் என்றாலே இதுதான். அயர்ன் மாஸ்டரும் இதையேதான் சொல்வார், ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையனும் இதையேதான் சொல்வான். காலையில் எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டோ ஒன்பதோ. நடுவில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, பன். தூக்கம் வராமல் இருக்க உதட்டுக்குள் புகையிலை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2021லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல காரியம். மாத்திரை தர வருகிறவர், “ஈறுல ரத்தம் வருதாங்க?” என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன செலவாகிவிடும்?

*

கடைசியாக ஒரு கணக்கு. 1970இல் 480 பேர். 1985இல் அளக்கக் கிடைத்தவர்கள் 161 பேர். அந்த 15 ஆண்டுகளில் மலையகத்தில் என்னவெல்லாம் நடந்தன? 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கை மாறின. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1977இல் கலவரம். 1983 ஜூலை. இடையில், தலைமன்னார் கப்பல் ஆயிரமாயிரம் பேரை ராமேஸ்வரத்தில் இறக்கிக்கொண்டே இருந்தது, 1984இல் நிற்கும்வரை. கட்டுரையின் அட்டவணையில் குறைந்துகொண்டே வரும் எண்ணை நான் இந்த வரலாற்றைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறேன்.

2010இல் மறுபடி போய்த் தேடினார்கள். 75 பேர் கிடைத்தார்கள். 40 ஆண்டுக் கணக்கிலிருந்து ஒன்று தெரிந்தது. 30 வயதில் பிடி இறக்கம் சராசரி 1.8 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு 60 வயதில் 20 பல்லாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம். அதாவது, அறுபதில் எப்படி மெல்லப்போகிறோம் என்பது பெரும்பாலும் முப்பதிலேயே முடிவாகிவிடுகிறது. இதைப் படிக்கிற பலருக்கு இன்னும் முப்பது ஆகியிருக்காது. அந்த 75 பேரும் உங்களுக்காகவே வாய் திறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. அவர் நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர் போகாவிட்டாலும் அந்தப் பற்கள் விழுந்திருக்கும், விழுந்தது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் துலக்கினால் ஈறு ஆறும் என்று 1965லேயே கண்டுபிடித்த அதே மனிதர், 1970இல் துலக்காத வாய்களை அளக்கப் போனார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் டஸ்கிகீ கறுப்பினத் தொழிலாளர்களின் மேகநோயை 1932லிருந்து 1972வரை மருந்து தராமல் வேடிக்கை பார்த்தது போன்ற கொடுமை இது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியின் வம்சம் ஒன்றுதான். பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள், தெரிந்ததைப் பார்க்கப்பட்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்களா?

அந்த அறிவு ஆஸ்லோவுக்குப் போயிருக்கிறது, டோக்கியோவுக்குப் போயிருக்கிறது, சென்னைப் பல் மருத்துவக் கல்லூரிப் பாடத்துக்கும் வந்திருக்கிறது. செக்கிங் டேபிளுக்கு இன்னும் வரவில்லை. ரத்தம் வரும் ஈறு என்பது ஆறாத புண், பல் ஆடும்வரை காத்திருக்கக் கூடாது, முதலில் காரையைச் சுத்தம் செய்யணும், சுகர் இருந்தால் இன்னும் சீக்கிரம் போகணும். இந்த நாலு வாக்கியம்தான். அக்காவிடம் சொல்லிவிட்டேன். அரை நாள் சம்பளத்துக்கு என்ன பதில் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பல் மருத்துவர்கள் அல்ல.